ஆணியில் தொங்கிய காஸ்கெற்

எமது வீட்டுக் கார்க் கொட்டிலின் சுவரிலே ஓர் இரும்பாணி உண்டு. தந்தையார் காலத்தில் அதிலே பழைய காஸ்கெற்றுகள் கொத்தாகத் தொங்கும். எஞ்சினின் இரு பாகங்கள் பொருந்துமிடத்தில், எண்ணெயோ நீரோ வாயுவோ கசியாதபடி இடையில் வைக்கப்படும் தகடே காஸ்கெற். தக்கையாற் செய்ததும் உண்டு. கடதாசியாற் செய்ததும் உண்டு. செப்புத் தகடுகளுக்கிடையே கல்நாரை வைத்துச் செய்ததும் உண்டு. எதைக் கழற்றினாலும் தந்தையார் பழையதை எறியமாட்டார். துடைத்து ஆணியில் மாட்டிவிடுவார்.

1990 இல் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோலும் உதிரிப்பாகங்களும் வருவது தடைப்பட்டது. எமது மொறிஸ் மைனர் மண்ணெண்ணெயில் ஓடிற்று. கார்புரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினை இயக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். வால்வுகளிற் கரி படியும்; எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி எஞ்சின் எண்ணெயை நீர்க்கச் செய்யும். ஆதலால் எஞ்சினை அடிக்கடி திறந்து பார்க்க வேண்டியிருந்தது. திறந்தால், மூடுவதற்குக் காஸ்கெற் வேண்டுமே! வால்வு மூடியின் தக்கைக் காஸ்கெற் காய்ந்து சுருங்கியிருந்தால் தந்தையார் அதை நீரில் ஊறவைத்து, விரிந்தபின் மறுபடியும் பூட்டுவார். கடதாசிக் காஸ்கெற் கிழிந்தால், தடித்த மட்டையைப் பாகத்தின்மேல் விரித்து, விளிம்போரமாகச் சுத்தியலால் மெல்லத் தட்டித் தட்டிப் புதியதொன்றை வெட்டியெடுப்பார். எமது அப்பியாசக் கொப்பி மட்டையொன்று நீர்ப்பம்பியின் காஸ்கெற்றாக மாறியதைப் பள்ளிக்கூடமெங்கும் சொல்லித் திரிந்தோம். சிக்கனம் என்பதை அந்தக் கொட்டிலிலேதான் கற்றோம். கற்றது பாதிப் பாடமே என்பது சென்ற ஆண்டுதான் தெரிந்தது.

அதே கார்தான். இழுவை குறைந்திருந்ததால் கராஜில் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றிப் பார்த்தார்கள். வால்வுகளைத் தேய்த்துப் பொருத்தியாயிற்று. ஹெட் காஸ்கெற் பார்வைக்குப் பழுதின்றி இருந்தது. புதியது கொழும்பிலிருந்து வருவதற்கு ஒரு வாரமாகும். அம்மாவுக்குக் கண்ணில் வெண்புரை நீக்கும் சத்திரசிகிச்சைக்குக் குறித்த நாளோ நாலு நாளில்.

“இதையே பூட்டுங்கோ அண்ணை” என்றோம்.

“மாஸ்ரர், மற்றதெல்லாம் திரும்பப் போடலாம். இதைப் போடக்கூடாது” என்றார் மெக்கானிக்.

நாம் ஆணியின் கதையை எடுத்து விளம்பினோம். படித்தவர்களோடு வாதாடிப் பயனில்லை என்று எண்ணினாரோ என்னவோ, அவர் மேலும் பேசவில்லை. பழைய கல்நாரை உலர்ந்தபடி சுரண்டினால் அத்தூசி சுவாசப்பையைக் கெடுக்கும் என்று நனைத்துத் துடைத்தார்; பூட்டினார். (தந்தையார் கம்பித் தூரிகையால் உலர உரசியது நினைவுக்கு வந்து இப்போதும் நெஞ்சை உறுத்துகிறது.)

வடமராட்சியிலிருந்து யாழ்ப்பாணம் செல்வோர் வல்லைவெளியைக் கடக்க வேண்டும். ஒதுங்க ஒரு மரமில்லை. விடியற்காலையில் அவ்வெளியின் நடுவே எஞ்சின் திக்கத் தொடங்கிற்று, பின்னால் வெண்புகை, முன்னால் நீராவி. அம்மாவை இறக்கி வீதியோரத்தில் நிறுத்தினோம். காற்றிலே சேலைத் தலைப்பைப் பிடித்தபடி, எதுவும் தெளிவாகத் தெரியாத கண்களோடு நின்றார். நடந்ததைச் சொன்னோம்.

“அப்பா அதுகளை அளவு பார்த்து வெட்டவல்லோ தம்பி மாட்டி வைச்சவர். ஹெட்டுக்குப் புதுசு கிடைக்கேல்லை எண்டு எட்டு மாசம் கார் கொட்டிலுக்கை நிண்டது உனக்கு ஞாபகமில்லையோ?”

ஞாபகம் இருந்தது. நின்ற காரில் ஏறியிருந்து, வாயால் ஒலியெழுப்பி, கொழும்பு வரைக்கும் ஓட்டியிருக்கிறோம். அது ஏன் நின்றது என்று ஒரு நாளேனும் கேட்டதில்லை.

ஓட்டோ ஒன்று பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் அன்றைய முறை கடந்துவிட்டது. அடுத்த நாள் மூன்று மாதம் கழித்தே கிடைத்தது. அம்மூன்று மாதமும் அம்மா அரிசியிற் கல்லை விரலால் தடவித் தடவிப் பொறுக்கினார்.

கராஜில் எண்ணெய்க் கோலை இழுத்துக் காட்டினார் மெக்கானிக். எண்ணெய் பால்விட்ட தேநீர்போல் இருந்தது, நீர் கலந்துவிட்டது. வால்வு மூடியின் தக்கை, தெறிக்கும் எண்ணெயை மட்டுமே தடுப்பது. ஹெட் காஸ்கெற்றோ நெருப்பையும் நீரையும் எண்ணெயையும் ஒரே தகட்டினாற் பிரித்து வைப்பது. நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாகப் படிப்படியாய் இறுக்கும்போது அது நசுங்கி, இரும்பின் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்களை நிரப்பிக்கொள்கிறது. நசுங்கியது மறுபடி நிமிராது. கழற்றி வைத்தால் பழைய பள்ளம் பழைய மேட்டில் வந்து அமராது. இவ்வளவையும் அவர் அன்றே சொல்லியிருப்பார், நாம் பேசவிட்டிருந்தால். நல்ல காலம், ஹெட் வளையவில்லை.

புதியதைப் பூட்டியபின் பழையதைக் கேட்டோம். அவர் அதை நடுவே மடித்து, ஒரு மிதி மிதித்து, எமது கையில் தந்தார்.

“இனி ஆணியிலை மாட்டலாம், மாஸ்ரர்.”