மூடுபனிக்கு மேலே மூன்று நாட்கள்



தலைநகரத்திலும் அதைச் சூழ்ந்த நகரங்களிலும் பிழைப்பின் நிமித்தம் குடியேறியிருக்கும் நம் தமிழ்க் குடும்பங்கள், ஊரில் மார்கழிக் குளிர் என்று சொல்லி வந்தது குளிரே அல்ல என்பதை இங்கு வந்த முதல் ஆண்டிலேயே அறிந்துகொள்கின்றன. டெல்லி சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 2006 ஜனவரி 8-ஆம் தேதி 0.2 டிகிரி பதிவாயிற்று. 1935 ஜனவரியில் பூஜ்யத்துக்கும் கீழே மைனஸ் 0.6 வரை இறங்கியதுண்டு. ஆனாலும் நம் சபையாரிடம் குளிரைப் பற்றிப் பேச்செடுத்தால் அவர்கள் 2019 டிசம்பரைத்தான் நினைவுகூருவார்கள். அந்த மாதத்தின் நடுவில் எதிர்பாராமல் வந்திறங்கிய குளிர், ஆண்டு முடியும்வரை நகரவேயில்லை. இரவைவிடப் பகல்தான் அப்போது மக்களை வாட்டியது. காலையில் கவிந்த மூடுபனி உச்சிவேளையிலும் விலகாது. துவைத்த துணி மூன்று நாளானாலும் உலராது.

அந்த வாரத்தில்தான் எங்கள் குடும்ப முகாம் குறிக்கப்பட்டிருந்தது. பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை, கம்பெனியில் வேலை செய்கிறவர்களுக்கு ஆண்டிறுதி விடுப்பு, இரண்டும் கூடிவரும் நாட்கள் வேறில்லை. இடம், குமாவோன் மலையிலுள்ள சாத்தால். இந்தியில் சாத் என்றால் ஏழு, தால் என்றால் ஏரி. ஓக் மரங்களும் பைன் மரங்களும் அடர்ந்த பள்ளத்தாக்கில், சுமார் 1,370 மீட்டர் உயரத்தில் அமைந்த சிற்றேரிகளின் கூட்டம் அது. “டெல்லியிலேயே பல் கிட்டுகிறதே, மலைக்குப் போய் உயிரோடு திரும்புவோமா ஐயா?” என்று தாய்மார் பலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

பதிலை மலையே தந்தது. டிசம்பர் 26 இரவு பழைய டெல்லி நிலையத்தில் ரயிலேறி, மறுநாள் காத்கோதாமில் இறங்கினோம். அகல ரயில்பாதை அங்கே முடிகிறது, அதற்கப்பால் மலைச்சாலைதான். கீழே ஹல்த்வானியிலும் காத்கோதாமிலும் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. வேன் வளைந்து வளைந்து ஏறிற்று. ஏதோ ஒரு திருப்பத்தில், திரையை விலக்கினாற்போல் மூடுபனி அறுந்துபோய் நீல வானமும் வெயிலும் எங்கள்மேல் கொட்டின. திரும்பிப் பார்த்தால் தராய் சமவெளி முழுவதும் வெண்பஞ்சுக் கடலாய்க் கிடந்தது. வேனில் இருந்த பிள்ளைகள் ஒருவரும் சொல்லிக்கொடாமலே கைதட்டினார்கள்.

இதன் காரணத்தை அறிந்துகொள்வது நல்லது. குளிர்ந்த காற்று கனமானது; அது தாழ்ந்த நிலத்தில் தேங்கி நிற்கிறது. அதன்மேல் மூடுபனி படர்ந்தால் வெயில் தரையைத் தொடாது, தரை சூடேறாது. ஆகையால் அப்படிப்பட்ட நாட்களில் டெல்லியைவிட நைனிதால் பகலில் வெதுவெதுப்பாக இருக்கும். ஆனால் இரவு வந்தால் கதை மாறிவிடும். மறைக்க மேகமில்லாத வானத்துக்கு மலை தன் வெப்பத்தையெல்லாம் விட்டுக்கொடுத்துவிடும். பகலில் ஸ்வெட்டரைக் கழற்றி வெயில் காய்ந்த நாங்கள், மாலை ஐந்து மணிக்கே பற்கள் தந்தியடிக்க அறைக்குள் ஓடினோம்.

முதல் இரவில் நடந்ததை எழுதத்தான் இக்கட்டுரையைத் தொடங்கினேன்.

நாங்கள் தங்கிய விடுதியில் வாலிபர்கள் ஐந்து பேருக்கு ஓர் அறை. அவர்கள் கேட்டதன்பேரில் விடுதிப் பணியாள் ஓர் அங்கீட்டியில், அதாவது நம் கணப்புச் சட்டியில், கரி மூட்டிக் கொண்டுவந்து வைத்தான். ஜன்னலைச் சாத்தி, கதவின் கீழ் இடுக்கில் துண்டைச் சுருட்டி அடைத்து, தாழிட்டுவிட்டார்கள். எங்கள் சபையில் செவிலியராயிருக்கும் சகோதரி ஒருவர் உண்டு. பத்து மணிக்கு, பிள்ளைகளெல்லாம் போர்த்தியிருக்கிறார்களா என்று அறை அறையாய்ப் பார்த்து வந்தவர் அந்தக் கதவைத் தட்டினார். நெடுநேரம் கழித்தே திறந்தார்கள். ஒருவனுக்குத் தலைவலி, ஒருவனுக்குக் குமட்டல். மலைப்பாதையில் வந்த மயக்கம் என்று எண்ணிப் படுத்திருக்கிறார்கள். சகோதரி ஒரு வார்த்தையும் பேசாமல் சட்டியைத் தூக்கித் தாழ்வாரத்தில் வைத்துவிட்டு, ஐவரையும் கம்பளியோடு வெளியே இழுத்து நிறுத்தினார். பிறகுதான் பேசினார்.

“தம்பி, குளிருக்கு ஒருத்தன் சாக மூணு நாள் ஆகும். இதுக்கு ஒரு ராத்திரி போதும்.”

கரி எரிகையில் எழும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் பிராணவாயுவைக் காட்டிலும் இதை இருநூறு மடங்குக்கு மேல் பலமாய்ப் பற்றிக்கொள்ளும். தலைவலி, கிறுகிறுப்பு, வாந்தி, பின்பு தூக்கம்; அந்தத் தூக்கத்திலிருந்து எழுப்ப ஆள் இல்லாவிட்டால் அவ்வளவுதான். வடநாட்டில் குளிர்காலந்தோறும் இவ்வாறு ஒரே அறையில் குடும்பமாய் மாண்ட செய்தியைப் பத்திரிகையில் வாசிக்கிறோம். மாள்கிறவர்கள் பெரும்பாலும் நம்மைப் போல வேலை தேடி வந்து ஓர் அறையில் வாழும் ஜனங்கள். ஆகையால் வாசகரே, கரி அடுப்பை எந்தக் காரணத்தினிமித்தமும் படுக்கையறைக்குள் வைக்காதேயும். காற்றோட்டமில்லாத குளியலறையில் கேஸ் கீஸரும் அதே வேலையைச் செய்யும். ஒருவர் மயங்கிக் கிடப்பதைக் கண்டால் முதலில் கதவு ஜன்னல்களைத் திறந்து, அவரை வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து, தாமதமின்றி மருத்துவமனைக்குச் சேர்க்கவேண்டும். எரேமியா 36-ஆம் அதிகாரத்தில் யோயாக்கீம் ராஜாவுக்குமுன் கணப்பு மூட்டியிருந்தது. அவன் அமர்ந்திருந்தது விசாலமான அரண்மனை. நம்முடையது பத்துக்குப் பத்து அறை.

அன்றிரவு ஐவரும் கட்டில்களை ஒன்றாய் இழுத்துப் போட்டு, எல்லா ரஜாய்களையும் சேர்த்துப் போர்த்திக்கொண்டு உறங்கினார்கள். காலையில் புல்லின்மேல் உறைபனி வெள்ளைச் சாம்பல் தூவினாற்போல் கிடந்தது. சங்கீதம் 147-ல் சங்கீதக்காரன் உறைபனிக்குச் சாம்பலை உவமை சொன்னது எவ்வளவு சரியான பார்வை என்று அங்கேதான் கண்டேன்.

ஏரிக்கரையில் 1930-ல் இ. ஸ்டான்லி ஜோன்ஸ் நிறுவிய கிறிஸ்தவ ஆசிரமம் இருக்கிறது. 1907-ல் இந்தியாவுக்கு வந்த இந்த அமெரிக்க மெதடிஸ்ட் மிஷனெரி, பட்டங்களை வாசலில் விட்டுவிட்டு எல்லாரும் சகோதரராய்ச் சேர்ந்து ஜெபித்து, சேர்ந்து உடலுழைக்கும் இடமாக இதைத் தொடங்கினார். நம் உபதேச முறைக்கும் அவருடையதற்கும் வித்தியாசங்கள் உண்டு. ஆயினும் அந்த அமைதியில் ஒரு மணிநேரம் உட்கார்ந்திருந்து பாருங்கள்; பறவைச் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை. டெல்லியில் ஒலிபெருக்கியோடு ஜெபித்தே பழகிய நம்மவர்களுக்கு அது முதலில் சற்றுச் சங்கடமாகத்தான் இருந்தது.

அந்தக் கரையில் நிற்கையில், அறுபத்தெட்டு வயதுத் தாயார் ஒருவர் என்னிடம் வந்தார். மகனோடு வாழ டெல்லிக்கு வந்தவர். ஞானஸ்நானத்துக்கு ஆயத்தப்பட்டிருந்தவர்.

“ஐயா, தண்ணி இருக்கு, நீங்களும் இருக்கீங்க. இங்கேயே எனக்கு ஞானஸ்நானம் குடுத்திருங்க.”

“இந்தத் தண்ணீர் பனிக்கட்டி மாதிரி இருக்கிறது அம்மா. டெல்லியில் எடுத்துக்கொள்ளலாம்.”

“பிலிப்பி சிறைச்சாலைக்காரன் நடுராத்திரியில எடுத்தானே?”

“எடுத்தான் அம்மா. அவனுக்கு இதய மாத்திரை இல்லை.”

அவர் சிரிக்கவில்லை. “என் வயசுக்கு அடுத்த மாசம்னு ஒண்ணு உண்டா ஐயா?” என்றார்.

எந்தப் போதகனுக்கும் எளிதில் பதில் வராத கேள்வி. குளிர்ந்த நீரில் திடீரென இறங்கினால் மூச்சு தானாகவே இழுக்கும், இருதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் சட்டென்று உயரும், இளவயதுக்காரரே தடுமாறுவர். காற்றைவிட நீர் பல மடங்கு வேகமாய் உடற்சூட்டைப் பறித்துவிடும். சாது சுந்தர்சிங்கும் சிம்லாவில் ஞானஸ்நானம் பெற்றவரே. ஆனால் அது 1905 செப்டம்பர் மாதம். இதையெல்லாம் அவரிடம் பொறுமையாய்ச் சொன்னேன். அவர் ஏரியைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஒப்புக்கொண்டாரா, கீழ்ப்படிந்தாரா என்று எனக்குத் தெரியாது.

சனிக்கிழமை முக்தேஸ்வருக்குப் போனோம். ஏறக்குறைய 2,280 மீட்டர் உயரம். 1893 முதல் கால்நடை ஆராய்ச்சிக்கூடம் இயங்கிவரும் ஊர். அங்கிருந்து வடக்கே 7,816 மீட்டர் நந்தாதேவியும், 7,120 மீட்டர் திரிசூலமும் வரிசையாய்த் தெரிந்தன. கோடையில் தூசிப்படலம் மறைக்கும் இக்காட்சி, குளிர்காலத்துத் தெளிந்த காலையில்தான் கிடைக்கும். போகிறவர்கள் ஒரு கனத்த ஸ்வெட்டரை நம்பாமல், மெல்லிய உடைகளை இரண்டு மூன்று அடுக்காய் அணியுங்கள். வியர்த்தால் ஒன்றைக் கழற்றலாம். வெள்ளைப் பருத்திச் சேலையும் செருப்புமாய் வரும் நம் சகோதரிகள் கம்பளிக் காலுறை அணிவதில் எந்த உபதேசக் குற்றமும் இல்லை. சர்க்கரை நோயாளிகள் முகாமில் உபவாசம் இருக்கவேண்டாம் என்று நான் கண்டிப்பாய்ச் சொல்லிவிட்டேன்.

ஞாயிறு ஆராதனை முடித்து அன்றிரவே ரயிலேறினோம். விடியுமுன் டெல்லி சேரவேண்டிய ரயில், மூடுபனியில் ஊர்ந்து பிற்பகலில்தான் சேர்ந்தது. அன்று டிசம்பர் 30. அன்றைய அதிகபட்ச வெப்பநிலையே 9.4 டிகிரி, 1901 முதல் டெல்லி கண்ட டிசம்பர்ப் பகல்களில் அதுவே மிகக் குளிர்ந்தது என்று வானிலைத் துறை அறிவித்தது. மலையில் வெயில் காய்ந்துவிட்டு வந்த பிள்ளைகள் நடைமேடையில் அழுதார்கள்.

ஜனவரி இரண்டாம் ஞாயிறு அன்று அதிகாலை நான்கு மணிமுதல், அந்த ஐந்து வாலிபரும் சபையின் பின்கட்டில் திறந்தவெளியில் அடுப்பு மூட்டி, அண்டா அண்டாவாய் வெந்நீர் காய்ச்சி ஞானஸ்நானத் தொட்டியில் ஊற்றினார்கள். செவிலியர் சகோதரி முழங்கையை விட்டுப் பார்த்து, போதும் என்றார். தாயார் படியிறங்கி நீரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “ஏரித் தண்ணியே மேல் ஐயா, இது சுடுது” என்றார்.