மொட்டை மாடியில் ஒரு காமிரா

"எனக்கு ஒரு காமிரா வேண்டும்" என்றேன்.

என் கணவர் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். கல்யாணமான முப்பது வருஷத்தில் நான் கேட்ட சாமான்களின் ஜாபிதாவில் கிரைண்டர் உண்டு, தையல் மெஷின் உண்டு, ஒரு தடவை கெம்புத் தோடு கூட உண்டு. காமிரா இருந்ததில்லை.

"உன் போனிலேயே காமிரா இருக்கிறதே?"

"இருக்கிறது. ஆனால் அத்தை கேட்கிற படம் அதில் வராது" என்றேன்.

அத்தை என்று நான் சொல்வது என் மாமியாரை. வயது எண்பத்திரண்டு. முழங்கால் இரண்டும் ஒத்துழையாமைப் போராட்டம் நடத்தி வருகின்றன. ஒரகடத்திலிருந்து வல்லக்கோட்டை போகிற வழியில், உள்ளடங்கிய ஒரு சிறு கிராமம் எங்கள் சொந்த ஊர். அங்கே இருந்த பழைய மாடி வீட்டை விற்றாகிவிட்டது. தை பிறந்ததும் சாவியைக் கொடுக்க வேண்டும். விற்பதற்கு அத்தை மறுப்புச் சொல்லவில்லை. ஒரே ஒரு ஆசையைத்தான் சொன்னார்.

"மொட்டை மாடியிலே நின்னு ஒரு தரம் சுத்திப் பார்க்கணும். அந்தப் பூவரசு இருக்கா இல்லையான்னு தெரிஞ்சுக்கணும்."

அந்தப் பூவரசு என் கணவர் பிறந்த வருஷம் அத்தை நட்டது. பம்புசெட் அறையின் ஓரமாக, வயலுக்கு நடுவில் இருந்த மரம். அந்த வயல் இப்போது எங்களுடையதல்ல. இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் ஹூண்டாய் கார்கள் உருண்டு வெளியே வந்தன; ஒரகடத்தில் 2010-இல் ரெனோ–நிஸ்ஸான் தொழிற்சாலை திறந்தது. இராமானுஜர் அவதரித்த ஊர் என்று உலகம் அறிந்திருந்த ஸ்ரீபெரும்புதூர், அந்தப் பன்னிரண்டு வருஷத்துக்குள் கார் செய்கிற ஊராகவும் ஆகிவிட்டது. அந்த அலையில் எங்கள் மூன்று ஏக்கரும் ஒரு கம்பெனியின் சுற்றுச்சுவருக்குள் போயிற்று. சுவர் எழும்பிய பிறகு கீழே நின்று பார்த்தால் எதுவும் தெரியாது. மாடியில் நின்றால் தெரியும். ஆனால் அந்த மாடிக்குப் போவது செங்குத்தான மரப்படி. அத்தையால் ஏற முடியாது.

"இவ்வளவுதானே!" என்று நான் போனை எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன். பனோரமா என்ற பொத்தானை அமுக்கி, கையை நீட்டியபடி மெள்ளத் திரும்பினேன். வந்த படத்தைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். மாடியின் கைப்பிடிச் சுவர் படிக்கட்டு மாதிரி ஏறி இறங்கியது. மின்சாரக் கம்பிகள் நடு வானத்தில் அறுந்து தொங்கின. ஒரே கம்பெனி பஸ் மூன்று இடத்தில் வந்திருந்தது. பூவரசு இருக்க வேண்டிய இடத்தில் பச்சைச் சாந்தைத் தடவினாற்போல் ஒரு தீற்றல். அத்தை பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். "பாசி பிடிச்ச சுவர் மாதிரி இருக்கு" என்று சொல்லிக் கொடுத்துவிட்டார்.

சென்னையில் காமிராவும் லென்ஸும் வாடகைக்குக் கொடுக்கும் கடை ஒன்றில் போய் நின்றேன். அங்கே இருந்த பெரியவர் ஒருவர், விலையையோ மாடலையோ பேசாமல், "அம்மா, படத்திலே நீங்க பார்க்க வேண்டிய ரொம்பச் சின்னப் பொருள் எது? அது எவ்வளவு தூரத்திலே இருக்கு?" என்று கேட்டார். எனக்குக் கண் திறந்தது அந்தக் கேள்வியில்தான். 'பெரிய படம் எடுக்க வேண்டும்' என்று புறப்படுகிறவர்கள் பெரிய காமிராவாகத் தேடுகிறார்கள். தேட வேண்டியது சின்னப் பொருளை!

"ஒரு மரம். நானூறு மீட்டர் தூரம். பட்டையும் கிளையும் தெரிய வேண்டும். அடியில் ஆள் நின்றால் எண்ணிப் பார்க்க முடிய வேண்டும்" என்றேன்.

அவர் ஒரு துண்டுக் காகிதத்தில் கணக்குப் போட்டார். காமிராவுக்கு என் தம்பி மகனுடையதே போதும். அது 24 மெகாபிக்ஸல், அதாவது இரண்டு கோடியே நாற்பது லட்சம் புள்ளிகள். ஜூம் லென்ஸ் வேண்டாம். படத்துக்குப் படம் அதன் வளையம் நழுவினால் அளவு மாறிவிடும். 50 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றைப் போட்டு, காமிராவை நெட்டுக்குத்தாக நிறுத்தினால், ஒரு படத்தில் 27 டிகிரி அகலம் விழும். நானூறு மீட்டர் தூரத்தில் நிற்கிற ஆள் முப்பது புள்ளி உயரத்துக்கு வருவார். முகம் தெரியாது, தலை எண்ணலாம், துப்பட்டாவின் நிறம் சொல்லலாம்.

"200 லென்ஸ் போட்டால் இன்னும் நன்றாகத் தெரியுமே?" என்றேன், விஷயம் தெரிந்தவள் போல.

"தெரியும். ஆனா பத்துப் படத்துக்குப் பதிலா நூற்றறுபது படம் எடுக்கணும். நீங்க கடைசிப் படத்துக்கு வர்றதுக்குள்ளே வெயில் ஏறிடும், நிழல் நகர்ந்துடும், சூட்டிலே காத்து அலையடிச்சு எல்லாம் கலங்கிடும்" என்றார். ஐம்பதோடு திரும்பினேன்.

இனி, ஒட்டுகிற வித்தை. தையல் தெரிந்த சகோதரிகளுக்கு இது கஷ்டமே இல்லை. இரண்டு துணியை ஓரத்தோடு ஓரம் வைத்தா தைக்கிறோம்? உள்ளே மடிப்பு விடுகிறோமல்லவா? அதுபோல ஒவ்வொரு படமும் பக்கத்துப் படத்தின் மேல் மூன்றில் ஒரு பங்கு ஏறி நிற்க வேண்டும். 27-இல் 9 டிகிரி மடிப்புக்குப் போனால், ஒவ்வொரு தடவையும் 18 டிகிரி திருப்ப வேண்டும். பத்தே படத்தில் அரை வட்டம் முடிந்துவிடும்.

தஞ்சாவூர்ப் பெரிய கோயிலில் இந்த வித்தையை ஒருவர் 1858-லேயே செய்து காட்டியிருக்கிறார். சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரி, விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றியுள்ள கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒட்டினார். நீளம் சுமார் 19 அடி! ஆனால் அவருக்கு எதிரே இருந்தது சுவர். சுவரையொட்டிக் காமிராவை நகர்த்திக்கொண்டே போகலாம். பக்கத்தில் ஒரு பொருளும் தூரத்தில் ஒரு பொருளும் இருக்கிற காட்சிக்கு அது உதவாது. அங்கே காமிரா நகரவே கூடாது. இருந்த இடத்திலேயே திரும்ப வேண்டும்.

என் போன் படத்தில் சுவர் படிக்கட்டானதற்குக் காரணம் இதுதான். மூக்குக்கு நேரே ஒரு விரலை நிறுத்தி, ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். பிறகு மற்றக் கண்ணை மூடிப் பாருங்கள். விரல் இடம் தாவுகிறதல்லவா? கண் இரண்டு அங்குலம் தள்ளியிருப்பதற்கே இந்தத் தாவல். நான் கையை நீட்டிக்கொண்டு சுற்றியபோது போன் இரண்டடி வட்டத்தில் சுற்றியிருக்கிறது. பக்கத்துச் சுவர் தாவாமல் என்ன செய்யும்? பக்கத்தில் எதுவுமே இல்லாவிட்டால் இந்தத் தொல்லை பெரிதாகத் தெரியாது. ஆனால் அத்தைக்கு அந்தக் கைப்பிடிச் சுவரும் வேண்டும். ஐம்பது கோடைகாலம் அதன் மேல் வடகம் காயவைத்தவர் அவர்.

காமிராவை ஸ்டாண்டில் மாட்டினால் மட்டும் தீராது. காமிராவின் அடிப்பாகத்தில் திருகு இருக்கும் இடம் வேறு. சுழல வேண்டிய இடம் வேறு. முன்னாலிருந்து பார்த்தால் லென்ஸுக்குள் ஒரு சின்ன வட்டத் துவாரம் தெரிகிறதே, அது இருப்பதாகத் தோன்றும் இடம்தான் சுழலும் அச்சுக்கு நேராக வரவேண்டும். படக்காரர்கள் 'நோடல் பாயிண்ட்' என்று சொல்வது இதைத்தான். காமிராவை முன்னும் பின்னும் தள்ளி வைக்க ஒரு சறுக்குப் பட்டை தேவை. கடையில் விலை கேட்டேன், கேட்டதோடு சரி.

எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் பையன் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் கருவிகள் செய்யும் பிரிவில் வேலை பார்க்கிறான். விஷயத்தைக் கேட்டதும், "ஆன்ட்டி, மில்லிமீட்டரிலே நூறில் ஒரு பங்குக்கு அங்கே திட்டு வாங்கறோம். இது என்ன பிரமாதம்!" என்றான். ஞாயிற்றுக்கிழமை நண்பனின் லேத் பட்டறைக்குப் போய், அலுமினியத்தில் ஒரு பட்டை, காமிராவை நெட்டுக்குத்தாகப் பிடிக்க ஒரு வளைவு, பக்கத்தில் மில்லிமீட்டர் கோடுகள் எல்லாம் செய்து கொண்டுவந்தான். கூலி வாங்க மறுத்தான். ஒரு தூக்கு நிறைய எள்ளுருண்டை வாங்கிக்கொண்டான்.

சரியான இடத்தைக் கண்டுபிடிக்கக் கொல்லையில் ஒரு கொடிக்கம்பை நட்டோம். அதற்கு நேர் பின்னால் தூரத்தில் ஒரு மின்கோபுரம். காமிராவை இடமும் வலமும் திருப்பும்போது கம்பும் கோபுரமும் ஒன்றை விட்டு ஒன்று விலகினால் தப்பு. பட்டையைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளு, மறுபடி திருப்பு. பதினைந்து இருபது தடவைக்குப் பிறகு இரண்டும் ஒட்டிக்கொண்டே நகர்ந்தன. அந்தக் கோட்டில் நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வைத்தேன். அந்த லென்ஸுக்கு அந்தப் புள்ளி என்றைக்கும் மாறாது.

மார்கழியில் ஒரு நாள் காலை ஐந்தரைக்கே கிளம்பினோம். போய்ப் பார்த்தால் பனி! கைப்பிடிச் சுவருக்கு அப்பால் உலகமே இல்லை. திரும்பி வந்தோம். மூன்றாம் நாள் வானம் தெளிந்தது. பூவரசு இருந்த பக்கம் மேற்கு. காலை வெயில் முதுகுக்குப் பின்னால் இருந்தது சௌகரியம்.

மாடி நடுவில் ஸ்டாண்டை நிறுத்தி, கொத்தனாரின் ரசமட்டத்தை மேலே வைத்துச் சமம் பார்த்தேன். மட்டம் தவறினால் அடிவானம் வில்லாக வளையும். ஸ்டாண்டு அசையாதிருக்க நடுவில் ஒரு வாளித் தண்ணீரைத் தொங்கவிட்டேன். அப்புறம் காமிராவின் 'புத்திசாலித்தனத்தை' ஒவ்வொன்றாக நிறுத்தினேன். வெளிச்சத்தை அதுவே தீர்மானிக்க விட்டால், வானத்துக்கு ஒரு கணக்கு, வயலுக்கு ஒரு கணக்கு என்று போட்டு, பத்துப் படமும் பத்துச் சாயலில் வரும். ஆகவே காட்சியில் மிகப் பிரகாசமான இடத்தைப் பார்த்து ஒரே அளவு, துவாரம் 11, நிறத்துக்கு 'வெயில்' என்ற ஒரே குறி. தூரத்து மரங்களுக்கு ஃபோகஸைக் கையால் வைத்துப் பூட்டினேன். பொத்தானை அமுக்குகிற அதிர்வு சேராமலிருக்க, இரண்டு விநாடி கழித்துத் தானே எடுக்கும்படி வைத்தேன்.

பதினெட்டு, முப்பத்தாறு, ஐம்பத்து நான்கு... இவர் டிகிரியைச் சொல்லச் சொல்ல நான் திருப்பினேன். இரவு ஷிப்ட் முடிந்து பஸ்கள் ஓடுகிற நேரம். ஓடுகிற பஸ் இரண்டு படம் சேருகிற மடிப்பில் அகப்பட்டால் பாதி பஸ்தான் மிஞ்சும். அது நகர்ந்து போகும்வரை காத்திருந்து எடுத்தோம். மாட்டுக்கு அந்த நியாயம் தெரியவில்லை. ஒரு மாடு இரண்டு தலையோடு வந்து, பிறகு வேறொரு வரிசைப் படத்திலிருந்து மாற்ற வேண்டியதாயிற்று. மூன்று வரிசை எடுத்து வைத்தது நல்லதாயிற்று.

ஒட்டுவதற்கு ஹூகின் என்ற மென்பொருள் இருக்கிறது, காசில்லாமல் கிடைக்கிறது. தம்பி மகனின் கம்ப்யூட்டர் தோசைக்கல்லாகச் சூடேறி, கடைசியில் ஒரே படத்தைக் கொடுத்தது: பதினான்கு கோடிப் புள்ளிகளுக்கு மேல்! கம்பிகள் அறுபடவில்லை. சுவர் நேராக இருந்தது. கிட்டத்தில் கொஞ்சம் மங்கல்தான், பாதகமில்லை.

அந்தப் படத்தைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. மரம் இல்லாவிட்டால்? முதலில் பார்க்க வேண்டியவர் அத்தைதான் என்று சொல்லி இவரையும் தடுத்துவிட்டேன். பேனர் போடுகிற பிளக்ஸ் வேண்டாம், அது எட்ட நின்று பார்ப்பதற்கு. போட்டோக் காகிதத்திலேயே வேண்டும் என்று சொல்லி, ஏழேகால் அடி நீளம், ஒன்றரை அடி உயரத்தில் அச்சடித்து வாங்கி வந்தோம்.

கூடத்தில் பாயை விரித்து அதன் மேல் படத்தைப் பரப்பினோம். அத்தை நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, பூதக்கண்ணாடியோடு இடக்கோடியிலிருந்து ஆரம்பித்தார். ஏரிக்கரை. பனை வரிசை. பெருமாள் கோயில் கோபுரம். தொழிற்சாலைக் கூரைகள். "இதுதானே வடகம் காயவைக்கிற சுவர்?" என்று ஒரு நிமிஷம் தடவிப் பார்த்தார். பிறகு சுற்றுச்சுவர். கண்ணாடி அங்கே நின்றது. வெகுநேரம் நின்றது.

"இருக்கு" என்றார்.

இவர் சட்டென்று குனிந்தார். பம்புசெட் அறை இல்லை, கிணறு இல்லை. மரம் இருந்தது. நல்ல குடையாகப் படர்ந்திருந்தது. அடியில் வட்டமாகச் சிமெண்டுத் திண்ணை கட்டியிருந்தார்கள். அதில் சின்னச் சின்னதாக மனிதர்கள்.

அத்தை எண்ணினார். "ஒண்ணு, ரெண்டு... ஏழு பேர். எல்லாம் பொம்பளைப் பிள்ளைங்க."

"ராத்திரி ஷிப்ட் முடிந்து பஸ்ஸுக்குக் காத்திருப்பார்கள், அம்மா" என்றார் இவர். குரல் கொஞ்சம் கம்மியிருந்தது.

அத்தை அழவில்லை. முகத்தை முந்தானையால் ஒரு தடவை துடைத்துக்கொண்டார். "நிலம் போச்சு, நெழல் போகலை" என்றார்.

தை மாதம் சாவியைக் கொடுத்துவிட்டோம். படம் இப்போது அத்தையின் கட்டிலுக்கு எதிரே சுவரில் இருக்கிறது. காமிராவையும் லென்ஸையும் உரியவர்களிடம் சேர்த்தாயிற்று. பட்டை மட்டும் நெயில் பாலிஷ் புள்ளியோடு என் தையல் பெட்டியில் கிடக்கிறது. தினமும் காலையில் அத்தை நாற்காலியை நகர்த்திக்கொண்டு போய்ப் பூதக்கண்ணாடியைப் பிடிக்கிறார். நேற்று என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, இந்த மஞ்சத் துப்பட்டா பொண்ணைப் பாரு. மத்ததெல்லாம் உட்கார்ந்திருக்கு, இது மட்டும் நின்னுக்கிட்டே இருக்கு. ராத்திரி பூரா வேலை பார்த்த பொண்ணு. யாராவது கொஞ்சம் நகர்ந்து இடம் விடக் கூடாதா?"