குதிரை இல்லாத கௌபாய்கள்

பீனிக்ஸ், அரிசோனா



சிவகாசி லயன் காமிக்ஸில் கௌபாய் கதைநாயகன் டெக்ஸ் வில்லரைப் படித்து வளர்ந்தவர்களுக்கு ஒரு சேதி. அரிசோனாவில் கௌபாய்கள் இன்னும் இருக்கிறார்கள். அகலத் தொப்பி, பூட்ஸ், இடுப்பின் இரு பக்கமும் ரிவால்வர் என்று எல்லாம் படத்தில் பார்த்தபடியே. குதிரை மட்டும் கிடையாது. ஆளுக்கொரு கைவண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறார்கள்.

இது ஒரு விளையாட்டு. 1980களின் தொடக்கத்தில் தெற்குக் கலிஃபோர்னியாவில் கௌபாய் பட மோகம் பிடித்த சிலர் ஆரம்பித்தார்கள். 1987ல் ‘சிங்கிள் ஆக்‌ஷன் ஷூட்டிங் சொசைட்டி’ என்று சங்கமே அமைந்துவிட்டது. சேருகிறவர் பத்தொன்பதாம் நூற்றாண்டு உடையிலோ கௌபாய் பட உடையிலோ வர வேண்டும். சங்கத்தில் வேறு யாரும் வைத்துக்கொள்ளாத புனைபெயர் ஒன்றும் வேண்டும். ஆளுக்கு நான்கு துப்பாக்கி: ஒவ்வொரு வேட்டுக்கும் சுத்தியலைப் பின்னுக்கு இழுக்கவேண்டிய ரிவால்வர் இரண்டு, நெம்புகோல் ரைஃபிள் ஒன்று, ஷாட்கன் ஒன்று. 1873ம் ஆண்டு கோல்ட் ரிவால்வர், அதே ஆண்டு வின்செஸ்டர் ரைஃபிள் என்று பெயர் சொன்னாலும் பலர் கையில் இருப்பவை உபெர்ட்டி போன்ற இத்தாலியக் கம்பெனிகள் செய்யும் நகல்கள். டெக்ஸ் வில்லரும் 1948ல் இத்தாலியில் பிறந்தவர்தான். அமெரிக்க மேற்கை இத்தாலிக்காரர்கள்தான் அதிக அக்கறையோடு பராமரிக்கிறார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

போட்டிக் களம் மண்மேடுகளால் தடுத்த பல அறைகளாக இருக்கும். ஒன்றில் சாராயக்கடை முகப்பு, இன்னொன்றில் வங்கி, மற்றொன்றில் சிறைச்சாலை. எல்லாம் பலகைதான். பதினைந்து இருபது பேர் கொண்ட குழு ஒவ்வொரு அறையாக நகர்ந்து, இரும்பு இலக்குகளைச் சுடும். தேர்ந்தவர்கள் ஒரு சுற்றை இருபது வினாடிக்குள் முடித்துவிடுவார்கள். குறி தப்பினால் தப்புக்கு ஐந்து வினாடி அபராதம். அப்படி ஆறு சுற்று என்றால் ஒருவர் உண்மையில் சுடுவது இரண்டு, மூன்று நிமிடம். மிச்ச அரை நாளும் காத்திருப்பது, மற்றவர்களுக்குக் குறி தப்பியதை எண்ணுவது, காலித் தோட்டாக் கூடு பொறுக்குவது, சுமப்பது. துப்பாக்கிகள், தோட்டா, தோல் வார், தண்ணீர் எல்லாம் சேர்ந்தால் இருபது கிலோவை நெருங்கும். அதற்காகத்தான் வண்டி.

என் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஓய்வுபெற்ற தச்சர். அவர் தனக்கொரு வண்டி செய்தபோது பலகை பிடிக்கும் உதவியாள் நான். துப்பாக்கி எனக்கு ஒத்துவராத சமாசாரம். இந்த நாட்டில் அது மலிந்து கிடப்பதைப் பார்த்துப் பழகவும் முடியவில்லை. மர வேலை என்றால் போய் நிற்பேன்.

முதல் பிரச்சினை சக்கரம். ஆரக்கால் வைத்த மரச் சக்கரம் பார்க்க அழகு. ஆனால் பாலைவனக் காற்றில் மரம் சுருங்கும், இரும்புப் பட்டா கழன்று ஆடும். அந்தக் காலத்தில் மேற்கே வண்டி கட்டிப் போனவர்கள் இதற்காகவே சக்கரங்களை ஓடைத் தண்ணீரில் ஊறப்போட்டார்கள். காற்றடைத்த டயர் என்றால் முள். இங்கே சைக்கிள்களைப் பஞ்சராக்கும் முள் நம் ஊர் நெருஞ்சியேதான், செடி கூட மாறவில்லை. ஆகவே இரும்பு ஆரக்காலும் கெட்டி ரப்பரும் கொண்ட சக்கரம் வாங்கினார். சரளைக்கல்லில் சின்னச் சக்கரம் ஒவ்வொரு கல்லிலும் முட்டி நிற்கும் என்பதால் விட்டம் இருபது அங்குலத்துக்குக் குறையக் கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தார். கடையாணியைக் கையாலேயே பிடுங்கலாம். சக்கரத்தைக் கழற்றினால் வண்டி கார் டிக்கிக்குள் போய்விடும்.

அடுத்தது பாரம். மாட்டுவண்டியில் முன்பாரம், பின்பாரம் பார்த்து ஏற்றுவார்களே, அதே கணக்கு இங்கேயும் உண்டு, ஒரு சிக்கலோடு. சுடப் போகும்போது ரைஃபிளையும் ஷாட்கன்னையும் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். ஏழு கிலோ ஒரே நேரத்தில் குறைந்தால், நின்றிருந்த வண்டி குப்புறச் சாயலாம். எனவே நீளத் துப்பாக்கிகள் நிற்கும் இடம் நேராக அச்சுக்கு மேலே. தோட்டாப் பெட்டி கைப்பிடிப் பக்கம், ஊன்றுகாலுக்கு அருகில். துப்பாக்கிகள் குழல் மேல்நோக்கியே நிற்க வேண்டும், அதனால் பாரம் உயரத்தில் நின்று ஆடும். அதற்கு அடித்தட்டை அச்சைவிடத் தாழ்வாகத் தொங்கவிட்டார். எனக்கு அந்த வண்டியிலேயே மிகவும் பிடித்த இடம் அதுதான்.

துப்பாக்கியின் கட்டை உட்காரும் குழியில் பழைய கம்பளத் துண்டு, குழல் சாயும் வெட்டில் தோல். வெட்டுகளுக்கு நடுவே தாராளமாக இடம் விட வேண்டும். ரைஃபிளை நெம்புகோல் திறந்தபடி, இரட்டைக் குழல் துப்பாக்கியை மடக்கியபடிதான் அவர் நிறுத்துவார். உள்ளே தோட்டா இல்லை என்பது போகிற வருகிற எல்லாருக்கும் தெரிய வேண்டுமாம். தோட்டாப் பெட்டியின் மூடிதான் இருக்கை. பைன் பலகைக்கு ஆளிவிதை எண்ணெய் பூசினார். வெயிலுக்குக் குடை செருக ஒரு குழாயும் வைத்தார்.

எல்லாரும் இப்படி மெனக்கெடுவதில்லை. பழைய குழந்தை வண்டி வாங்கித் துணியைக் கிழித்துவிட்டு, குழந்தை உட்காரும் இடத்தில் துப்பாக்கியைச் செருகிக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. வசதிதான். எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

விதிகளின் கண்டிப்பு நான் எதிர்பாராதது. குண்டேற்றுவது அதற்கென்று உள்ள மேசையில் மட்டும், மேற்பார்வையில். ஆறு அறை ரிவால்வரில் ஐந்துதான்; சுத்தியல் காலி அறைமேல் படிந்திருக்க வேண்டும். களத்தில் காலித் துப்பாக்கி கைநழுவினால் அந்தச் சுற்று போயிற்று. குண்டேற்றியது விழுந்தால் போட்டியே போயிற்று. சினிமா கௌபாயால் இங்கே ஒரு சுற்றுகூடத் தாக்குப்பிடிக்க முடியாது. பழைய ஊர்களும் கெடுபிடியானவைதான். இங்கிருந்து மூன்று மணி நேரக் கார் தூரத்தில் உள்ள டூம்ஸ்டோனில் 1881ல் ஊருக்குள் துப்பாக்கி தரித்து நடக்கத் தடை இருந்தது. புகழ்பெற்ற ஓ.கே. கொரால் சண்டை, அந்தத் தடையை மீறியவர்களிடம் ஆயுதத்தைப் பறிக்க ஊர்க் காவலர்கள் போன இடத்தில் மூண்டதுதான். மூன்று பேர் செத்தார்கள். அதே அரிசோனாவில் இன்று இருபத்தொரு வயதான ஒருவர் உரிமம் இல்லாமலே துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லச் சட்டம் அனுமதிக்கிறது.

பிப்ரவரியில் பீனிக்ஸ் வரும் உத்தேசம் இருந்தால், ஊரின் வடக்கே பென் ஏவரி சுடுதளத்தில் நடக்கும் ‘விண்டர் ரேஞ்ச்’ தேசியப் போட்டிக்குப் போய்வாருங்கள். வேடிக்கை பார்ப்பவருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். காதடைப்பானும் கொண்டு போங்கள். வண்டிகளைப் பற்றி விசாரியுங்கள், செய்தவர்கள் சக்கரத்தைக் கழற்றியே காட்டுவார்கள்.