அதிகாரம் இல்லாத முத்திரைகள்

பொழுதுபோக்குகள் பல வகைப்படும். தபால் முத்திரை சேகரிப்போர் உளர். பழைய நாணயம் தேடுவோர் உளர். தீப்பெட்டிப் படங்களை ஒட்டி வைப்போரும் உளர். நாமோ இறப்பர் முத்திரை சேகரிப்பவர்கள். இவ்வாறு சொன்னவுடனே கேட்பவர், "எந்தெந்த நாட்டு முத்திரைகள் உங்களிடம் உள்ளன?" என்று வினவுவார். எம் நாட்டிலே கடிதத்தில் ஒட்டுவதும் முத்திரை, கந்தோரிலே குத்துவதும் முத்திரை என ஒரே பெயர் வழங்குவதால் வரும் மயக்கம் இது. "ஒட்டுவது அன்று, குத்துவது" என்று விளக்கினாலோ ஐயம் மேலும் வளரும். "விதானையாரின் முத்திரையா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டவர்களும் உண்டு!

அஞ்ச வேண்டியதில்லை. நாம் சேகரிப்பவை அழகு முத்திரைகள். மரப்பிடியின் அடியில் ஒட்டிய இறப்பரிலே ஒரு மயில், ஒரு தாமரை, ஒரு பனைமரம், ஒரு மான்குட்டி. மையில் தொட்டுத் தாளில் ஒற்றினால் அவ்வுரு அழகாகப் பதியும். முன்பள்ளி ஆசிரியைகள் பிள்ளைகளின் கொப்பிகளிலே "மிக நன்று" என்பதற்கு அருகில் ஒற்றும் நட்சத்திரமும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. எழுதுபொருட் கடைகளிலும் திருவிழாக் கடைகளிலும் வாங்கியவை சில. ஓய்வு பெற்ற ஆசிரியைகள் மனமுவந்து தந்தவை சில. நாமே செதுக்கியவை சில. முத்திரைகள் ஒரு தகரப் பெட்டியில் இருக்கும். அவற்றின் பதிவுகள், கிடைத்த இடமும் நாளும் குறிக்கப்பெற்று, தடித்த தாட்கொப்பியில் இருக்கும். இவ்வளவே எம் செல்வம்.

இதிலே என்ன பெருமை என்று கேட்கலாம். பிற ஊரவர்க்கு இஃது ஒரு சிறு பொழுதுபோக்கு. வன்னியில் வாழ்ந்தோர்க்கு அங்ஙனமன்று.

எம் மண்ணிலே முத்திரை என்பது நெடுங்காலம் மக்களின் போக்குவரவைத் தீர்மானிக்கும் பொருளாக இருந்தது. 1990களில் வன்னியிலிருந்து வவுனியாவுக்கு வந்தோர் அங்கே தங்குவதற்குப் 'பாஸ்' பெறவேண்டியிருந்தது. 2002 இல் ஏ9 வீதி திறந்தபோது ஓமந்தையிலும் முகமாலையிலும் பயணிகள் கடதாசிகளைக் கையிலேந்தி வரிசையில் நின்றனர். 2006 ஆகஸ்டில் முகமாலைப் பாதை மூடப்பட்டது. 2009 இல் போர் முடிந்தபோது ஏறத்தாழ மூன்று இலட்சம் மக்கள் செட்டிக்குளம் மெனிக் பாம் முதலிய முகாம்களில் இருந்தனர். மெனிக் பாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. அக்காலமெல்லாம் வட்டமாய் விழும் ஒரு மைப்பதிவுக்காகப் பகல் முழுவதும் காத்திருந்த தாய்மார் எத்தனை பேர்! ஆதலால் முத்திரையைக் கண்டதும் எம்மவர் மனம் முதலிற் கேட்பது, "இதைக் காட்டினால் போக விடுவார்களா?" என்பதே.

அத்தகைய முகாமொன்றின் கூடாரப் பள்ளியிலே ஓர் ஆசிரியையைக் கண்டோம். கொப்பிகள் போதாமையால் அவர் பிள்ளைகளின் புறங்கையிலேயே ஒரு பூ முத்திரையை ஒற்றிக்கொண்டிருந்தார். மாலையில் குழாயடியில் குளிக்க வந்த ஒரு சிறுமி, அந்தக் கையை மட்டும் நனையாமல் உயர்த்திப் பிடித்திருந்தாள். தாயார் எவ்வளவு அதட்டியும் அவள் அதனைத் தாழ்த்தவில்லை. அந்தப் பூவைக் காட்டி எந்த வாயிலையும் கடக்க முடியாது. ஒரு பிடி அரிசியும் வாங்க முடியாது. ஆயினும் அது அவளுடையது. அன்று வரை கோடும் வட்டமுமாகவே முத்திரையைக் கண்ட குழந்தைக்கு, எதையும் கேளாத முத்திரையும் உலகில் உண்டென்று அந்தப் பூ உணர்த்தியது போலும்.

எமது முதற் கொப்பி 2009 இன் இடப்பெயர்விலே போயிற்று. பின்னர்ப் பிறப்புச் சான்றிதழ்களுக்குப் பிரதி பெற்றோம். காணி உறுதிக்கும் பெற்றோம். போன பூக்களுக்கும் பறவைகளுக்கும் பிரதி வழங்கும் பதிவாளர் எங்கே உளர்? அந்தச் சிறுமியின் கையை நினைத்தே மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கினோம்.

இனி, இச்சிறு பொருளின் வரலாற்றையும் சிறிது அறிதல் நன்று. வெயிலில் பிசுபிசுத்தும் குளிரில் விறைத்தும் பயன்படாதிருந்த இறப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கி உறுதியாக்கும் முறையை, அமெரிக்கரான சார்ள்ஸ் குட்இயர் 1839 இல் கண்டறிந்தார். இறப்பர் முத்திரை பிறந்தது அதன் பின்னரே. எம் நாட்டுக்கு இறப்பர் நாற்றுகள் 1876 இல் இலண்டன் கியூத் தோட்டத்திலிருந்து வந்தன. கம்பகாவில் உள்ள ஹெனரத்கொடத் தோட்டத்தில் நாட்டப்பட்டன. மழை மிகுந்த களுத்துறை, கேகாலைப் பக்கங்களிலே அம்மரம் செழித்தது. வறண்ட வன்னிக்கு அது வந்ததெல்லாம் வண்டிச் சில்லாகவும் முத்திரையாகவுமே! முற்காலத்தில் எழுத்துகளைக் கோத்து அச்செடுத்து, அந்த அச்சிலே இறப்பர்த் தகட்டைச் சூட்டோடு அழுத்தி முத்திரை வார்ப்பர். இன்றோ கணினியில் வரைந்ததை லேசர்க் கதிர் சில நிமிடங்களிலே செதுக்கிவிடுகிறது.

மாணவர்கள் காசு செலவழித்துத்தான் இதைத் தொடங்கவேண்டும் என்பதில்லை. வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டி வர்ணத்தில் தோய்த்துப் பூவுரு ஒற்றாத பிள்ளை எம் பள்ளிகளில் உண்டோ? அதற்கு அடுத்த படியே இது. ஒரு பெரிய அழிறப்பரை எடுத்துக்கொள்ளுங்கள். மெல்லிய தாளில் கறுப்புப் பென்சிலால் படம் வரைந்து, வரைந்த பக்கம் கீழாக அழிறப்பரின் மேல் வைத்துத் தேயுங்கள். படம் இடம்வலம் மாறி அதிற் பதியும். கோடுகளை விட்டுச் சுற்றியுள்ளதைப் பெரியவர் துணையோடு செதுக்கி நீக்கினால் முத்திரை ஆயத்தம். தாளில் ஒற்றும்போது படம் மீண்டும் நேராகிவிடும். எழுத்துச் செதுக்குவோர் இதனை மறத்தலாகாது. 'ப' எவ்வாறு செதுக்கினாலும் 'ப'வாகவே வரும். 'ட' அவ்வாறு மன்னிப்பதில்லை!

பேணும் முறையும் எளிதே. வன்னி வெயில் இறப்பருக்குப் பகை. நாளடைவில் அது வெடித்துப்போகும். ஆகவே வெளிச்சம் படாத பெட்டியில் வைத்தல் வேண்டும். மண்ணெண்ணெயால் துடைக்கலாகாது, சவர்க்கார நீரில் ஈரமாக்கிய துணியால் துடைத்து நிழலில் உலர்த்தினாற் போதும்.

யப்பான் நாட்டிலே இக்கலை புகையிரத நிலையங்களுக்கே வந்துவிட்டது. 1931 இல் புக்குயி என்னும் நிலையத்தில், பயணிகள் தாமே எடுத்துத் தம் கொப்பியில் ஒற்றிக்கொள்ளும் நினைவு முத்திரையொன்று வைக்கப்பட்டது. பின்னர் அது நாடெங்கும் பரவியது. ஊரின் மலையோ, கோயிலோ, கனியோ அதிலே சித்திரமாய் இருக்கும். கட்டணம் இல்லை, கேட்பாரும் இல்லை.

அதைப் படித்தபோது எம் வடபகுதிப் புகையிரதப் பாதையே நினைவில் எழுந்தது. 1990 இல் நின்ற அப்பாதையில் 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்கும், 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும் வண்டி மீண்டும் வந்தது. அந்நிலையங்களிலும் ஒரு மரப்பிடி முத்திரையும் ஒரு மைப்பெட்டியும் வைத்தால் எவ்வளவு இனிதாக இருக்கும்! முறிகண்டியில் பிள்ளையாரும் ஒரு பிடி கச்சானும்; கிளிநொச்சியில் இரணைமடுக் குளம்; பாதை எட்டாத முல்லைத்தீவுக்காக வற்றாப்பளைப் பொங்கற் பானையும் சுண்டிக்குளத்துப் பூநாரையும் எங்கேனும் ஓரிடத்தில் அமையலாம்.

நிலையங்கள் வைக்கும் வரை காத்திருப்பானேன்? வருகின்ற விடுமுறையில் ஒவ்வொரு பிள்ளையும் தன் ஊருக்கென ஒரு முத்திரை செதுக்கட்டும். அயலூர் நண்பருக்கு எழுதும் கடிதத்தின் அடியிலே அதை ஒற்றி அனுப்பட்டும். அவர் தம் ஊர் முத்திரையை ஒற்றி மறுமொழி எழுதுவார். எம் கொப்பியில் இன்னும் வெற்றுப் பக்கங்கள் பல உள்ளன.