மேல் டிவிசன், கீழ் டிவிசன்

கேமரன் மலையில் ரிங்லெட் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் வளர்ந்தேன். எங்கள் லயத்துக்கு எண் உண்டு, தெரு கிடையாது. ஆள் பெயர், தோட்டத்தின் பெயர், ரிங்லெட், பகாங் என்று எழுதினால் கடிதம் வந்துவிடும். அதாவது ஆபீசு வரை வரும். கிராணி அதை மேல் டிவிசன், கீழ் டிவிசன் என்று இரண்டு கட்டாகப் பிரிப்பார். தண்டல் காலையில் பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டுக் கொடுப்பார்.

பெயரோ, லயத்துக்கு மூன்று மாரியம்மா. தாத்தா நாமக்கல் பக்கத்துக் கிராமத்தில் இறந்த செய்தி கீழ் டிவிசன் கட்டில் போய்ச் சேர்ந்தது. அங்கே 'இந்தப் பெயரில் ஆள் இல்லை' என்றார்கள். ஆபீசும் யோசிக்காமல் தபாலுக்கே திருப்பிவிட்டது. மேல் டிவிசனுக்கு நடந்தால் இருபது நிமிடம். கடிதம் இந்தியாவுக்கே திரும்பி, மாமா மறுபடி எழுதி, அம்மாவுக்குத் தெரிந்தபோது காரியமெல்லாம் முடிந்து பல வாரம். "கடலத் தாண்டி வந்துச்சு, இந்த மேடு ஏற முடியல" என்று அம்மா வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது ஈப்போவில் கணினிப் பராமரிப்பு என் பிழைப்பு. மலைமேல் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் சிறு அமைப்பு ஒன்று இருக்கிறது. மேற்படிப்புக்கு விண்ணப்பிக்க மாணவர்களுக்கு அவர்களே மின்னஞ்சல் முகவரி கொடுப்பார்கள். கொழுந்து பறிக்கும் ஓர் அம்மாவின் மகள், தாதியர் பயிற்சிக்கு மனு போட்டவள், என்னைக் கூப்பிட்டாள். "அங்கிள், கூட படிச்ச பிள்ளைக்கு நேர்முகத்துக்கு லெட்டர் வந்துருச்சு. எனக்கு வரல. ஸ்பேம்லகூட பாத்துட்டேன்."

அந்த அமைப்பிடம் இருந்தது ஒரே கணினி, அதில் இரண்டு மின்னஞ்சல் சர்வர்கள். ஆசிரியர்களின் கணக்குகள் பழைய சென்ட்மெயிலில், மாணவர்களுடையவை பின்னால் யாரோ நிறுவிய போஸ்ட்ஃபிக்ஸில். இரண்டுக்கும் ஒரே டொமைன். வெளியிலிருந்து கடிதம் வரும் வாசல் 25ஆம் எண் போர்ட். அதில் ஒருவர்தான் உட்கார முடியும், உட்கார்ந்திருந்தது சென்ட்மெயில். லாகைத் திறந்து பார்த்தால் கல்லூரியின் கடிதம் ஒன்பது நாளுக்கு முன்பே வந்திருக்கிறது. சென்ட்மெயில் தன் பட்டியலைப் பார்த்து, 'இப்படி ஒரு பயனர் இல்லை' என்று 550 எண் போட்டுத் திருப்பியிருக்கிறது. அந்த வரியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். கீழ் டிவிசன்!

'இந்த டொமைன் முழுக்க என்னுடையது' என்று ஒரு சர்வர் நம்பிவிட்டால் பக்கத்தில் விசாரிக்காது. அதனால் வாசலில் ஆளை மாற்றினேன். போஸ்ட்ஃபிக்ஸ் 25க்கு வந்தது. மாணவர், ஆசிரியர் எல்லோருடைய முழுப் பட்டியலும் அதனிடம். ஆசிரியர் பெயர் என்றால் அதே கணினியின் 10025ஆம் போர்ட்டுக்குத் தள்ளு என்று டிரான்ஸ்போர்ட் பட்டியலில் ஆளுக்கொரு வரி. அங்கே சென்ட்மெயில், வெளியார் தொட முடியாத 127.0.0.1 முகவரியில். ஆசிரியர் ஒருவர் மாணவருக்கு எழுதினால், தனக்குத் தெரியாத பெயரை சென்ட்மெயில் போஸ்ட்ஃபிக்ஸிடம் கேட்கவேண்டும். அதற்கும் ஓர் அமைப்பு உண்டு.

அப்படியும் ஓடவில்லை. இரண்டும் ஒரே கணினிப் பெயரைச் சொல்லி வணக்கம் வைத்துக்கொண்டன. எதிரில் இருப்பவர் தன் பெயரையே சொன்னால், கடிதம் தன்னிடமே சுற்றி வருகிறது என்று எண்ணி சர்வர் நிறுத்திவிடும். நல்ல புத்திதான். சுற்ற விட்டால் கைமாறும் ஒவ்வொரு முறையும் 'பெற்றேன்' என்று ஒரு வரி சேரும், போஸ்ட்ஃபிக்ஸ் வழக்கமாக 50 வரி வரை பொறுக்கும். ஆளுக்கொரு பெயர் வைத்தேன். என்ன பெயர் என்று சொல்லவேண்டியதில்லை.

1971இல் ரே டாம்லின்சன் வலையமைப்பு வழியாக அனுப்பிய முதல் மின்னஞ்சலும் பக்கத்துக் கணினிக்குத்தான் போனது. அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் இரண்டு கணினிகள் ஒரே அறையில், இடையில் இருந்த தொடர்பு ஆர்ப்பாநெட் மட்டும். பக்கத்தில் இருப்பது பழக்கத்தைத் தராது என்று அவருக்கு அன்றே தெரிந்திருக்கும்.

சாயங்காலம் சோதனைக் கடிதம் அனுப்பினேன். "வந்துருச்சு அங்கிள்" என்று பதில் வந்தது. ஆனால் நேர்முகம் முந்தின நாளே முடிந்திருந்தது. அந்த 550 வரியைத் தேதி நேரத்தோடு அச்சடித்து, தவறு அவளுடையது அல்ல என்று அமைப்பின் தலைப்புத் தாளில் எழுதி வாங்கிக் கொடுத்தேன். கல்லூரி இரண்டாம் பட்டியலில் சேர்த்து வேறு தேதி கொடுத்தது. அந்தத் தாளை மின்னஞ்சலில் அனுப்பு என்றுதான் சொன்னேன். அவள் அம்மா கேட்கவில்லை. ஒருநாள் சம்பளத்தை விட்டுவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு தாப்பா வழியாக பஸ் பிடித்து, நேரில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.