கத்தி எட்டாத கொழுப்பு

அழகின் பொருட்டு உடலைக் கத்திக்குக் கொடுக்கும் வழக்கம் பிறேசில் நாட்டிலே ஆழ வேரூன்றியது. 2016 இல் மறைந்த இவோ பிற்றாங்கி என்ற சத்திரவைத்தியர் அங்கு திரைப்பட நடிகர்க்கு நிகரான புகழ் பெற்றிருந்தார். அழகு செல்வர்க்கு மட்டும் உரியதன்று என்று கருதிய அவர், றியோ டி ஜெனீரோ நகரத்துத் தரும மருத்துவமனையொன்றில் வறியோர்க்கும் சிகிச்சை அளித்தார். இன்று அந்நாட்டிலே தவணைமுறையிற் பணங்கட்டியும் பெண்கள் வயிற்றுக் கொழுப்பை உறிஞ்சி எடுப்பிக்கின்றனர்.

உறிஞ்சும் முறையை 1977 அளவில் பிரான்சிலே செம்மைப்படுத்தியவர் இல்லூஸ் என்பவர். அதற்கு முன்னர், 1920களில், பாரிசிலே நடனமாது ஒருத்தியின் காலிற் கொழுப்பைச் சுரண்டப்போய், அக்கால் அழுகி, ஈற்றில் வெட்டி அகற்றப்பட்ட கதையும் உண்டு. இன்றைய முறை அத்துணைக் கொடியதன்று. ஆயினும் அது குறித்த மயக்கம் கொடியது. கொழுப்பு போயிற்று, இனி எதையும் உண்ணலாம் என்பதே அம்மயக்கம்.

குழாய் எட்டுவது தோலின் கீழுள்ள கொழுப்பை மட்டுமே. குடலையும் ஈரலையும் சூழ்ந்திருப்பதை அது தீண்டுவதில்லை. 2004 இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றிலே, பருமனான பதினைந்து பெண்களிடமிருந்து சராசரி 9 முதல் 10 கிலோ வரை கொழுப்பு அகற்றப்பட்டது. மூன்று மாதமளவில் நோக்கியபோது, குருதி அமுக்கமோ இன்சுலினுக்கு உடல் இணங்கும் தன்மையோ சீர்ப்படவில்லை. உணவைக் குறைத்து அந்நிறையை இழந்திருப்பின் உட்கொழுப்பும் கரைந்திருக்கும்; பயனும் விளைந்திருக்கும்.

இதனினும் கவனத்திற்குரியது 2012 இல் வெளியான சாவோ பாலோ ஆய்வு. முப்பத்தாறு இளம்பெண்களுக்கு வயிற்றிலே சிறிதளவு கொழுப்பு உறிஞ்சப்பட்டது. இரண்டு மாதங்களின் பின் ஒருசாரார் நான்கு மாதம் உடற்பயிற்சி செய்தனர், மறுசாரார் செய்யவில்லை. பயிற்சி செய்யாதோரின் உள்ளுறுப்புகளைச் சூழ்ந்த கொழுப்பு 10 வீதமளவு பெருகியது. வயிறு வெளித்தோற்றத்தில் ஒடுங்கியே இருந்தது! கண்ணாடியில் தென்படும் தீங்காயின் அஞ்சலாம். இதற்கு யார் அஞ்சுவர்?

பிறேசிலின் அன்றாட உணவு சோறும் அவரைக் குழம்புமாகும். பருமனுக்கு அஞ்சி அதைத் துறந்து, பொதியில் அடைத்த இனிப்புத் தின்பண்டங்களை நாடுதல் நகைப்புக்குரியது. இயற்கை உணவையும் வீட்டிற் சமைத்ததையுமே முதன்மையாகக் கொள்ளுமாறு அந்நாட்டு அரசின் 2014 ஆம் ஆண்டு உணவுக் கைந்நூல் கூறுகின்றது. பிறரோடு கூடியிருந்து உண்ணுதலையும் அது வற்புறுத்துகின்றது. காயம் ஆறப் புரதம் வேண்டும்; அவரை, மீன், முட்டை யாவும் அதனைத் தரும். உப்பைக் குறைத்தல் வீக்கத்துக்கு நன்று. புகைத்தல் குருதியோட்டத்தைச் சுருக்கிக் காயத்தை ஆறவிடாது. கால் நாளங்களிலே குருதி உறையாதிருக்க, தொடக்க நாட்களிலேயே மெல்ல நடத்தல் அவசியம். கடும் பயிற்சி சில வாரங்கள் பொறுக்கலாம்.

இறுகிய உள்ளாடையை நீக்கியதும் உருவம் அமைந்துவிடுவதில்லை. வீக்கம் முற்றாக வடிய ஆறு மாதமளவு செல்லக்கூடும். சாவோ பாலோவிலே உட்கொழுப்பு ஏறியதும் அதே ஆறு மாதத்திலேதான்.