பட்டர்மியர் ஏரிக்கரையில் மூன்று இரவுகள்



சொந்த வீட்டை விட்டு வெளியே நீங்கள் கடைசியாகத் தங்கிய இரவை எண்ணிப் பாருங்கள். சாச்சி வீட்டுக் கலியாணமாக இருக்கும்; அல்லது ஏப்ரல் விடுமுறையில் நுவரெலியா வேன் பயணமாக இருக்கும். கலியாணம் என்றால் விருந்தாளியாக ஒரு மூலையில் ஒதுங்கியிருப்போம். வேன் பயணம் என்றால் பானை சட்டியையும் ஏற்றிக்கொண்டு போய், அங்கேயும் இருபது பேருக்குச் சமைத்துப் போட்டுவிட்டு, மலையைச் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத் திரும்புவோம். என் ஐம்பத்து நான்கு வயது வரை நான் கண்ட பயணங்கள் இவைதாம்.

மகள் மன்செஸ்டரில் படிக்கிறாள். அவளைப் பார்க்க நானும் அவளது வாப்பாவும் ஒரு ஜூன் மாதம் போயிருந்தோம். தோளில் பையை மாட்டிக்கொண்டு மலைப்பக்கம் நடக்கப் போவதும், இரவில் ஹொஸ்டலில் தங்குவதும் அவளுக்குப் பழக்கமாகிவிட்டது என்பதை அங்கே போன பிறகுதான் சொன்னாள். எனக்குக் கோபம் வந்தது. “உம்மா, ஒருக்கா வந்து பாத்துட்டு ஏசுங்க” என்றாள். ஏசுவதற்காகவே புறப்பட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கிலாந்தின் வடமேற்கில் லேக் டிஸ்றிக்ட் என்றொரு மலைநாடு இருக்கிறது. 1951இல் தேசியப் பூங்காவாகி, 2017இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலிலும் சேர்ந்த இடம். அங்குள்ள ஸ்கேஃபெல் பைக்தான் இங்கிலாந்திலேயே உயரமான மலை. உயரம் 978 மீற்றர். நம் பிதுருதலாகலைக்கு முன் இது ஒரு குன்று என்று நானும் இளக்காரமாகத்தான் நினைத்தேன். மன்செஸ்டரிலிருந்து பென்றித் வரை ரயில், அங்கிருந்து கெசிக் ஊருக்கு பஸ், பிறகு இன்னொரு சிறிய பஸ்ஸில் மலை ஏறி இறங்கினால் பட்டர்மியர் என்ற சின்னக் கிராமம். அதற்குச் சற்று மேலே எங்கள் ஹொஸ்டல்.

இந்த ஹொஸ்டல்களின் கதை ஜேர்மனியில் தொடங்குகிறது. 1909இல் ரிச்சர்ட் ஷிர்மான் என்ற ஆசிரியர் மாணவர்களோடு நடைபயணம் போகையில் கடும் மழை பிடித்துக்கொண்டது. ஒரு பள்ளிக்கூடத்தில் ஒதுங்கி, வைக்கோலில் படுத்து இரவைக் கழித்தார்கள். விடுமுறையில் பூட்டிக் கிடக்கும் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் தங்கினால் என்ன என்ற எண்ணம் அன்றிரவு அவருக்கு உதித்தது. இங்கிலாந்துக்கு அது 1930இல் வந்தது. பெயரில் இளைஞர் என்றிருந்தாலும் வயது வரம்பில்லை. எங்கள் அறையில் என் கீழ்க்கட்டிலுக்கு எதிரே இருந்தவர் எழுபதைத் தாண்டிய ஓர் ஓய்வுபெற்ற தாதி. தனியாக வந்திருந்தார்.

பெண்களுக்கு வேறு அறை, ஆண்களுக்கு வேறு அறை. பதியும்போதே இதைக் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். ஹொஸ்டலின் சாப்பாட்டுக் கூடத்தில் மதுவும் விற்கப்படலாம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் தங்குபவர்கள் தாமே சமைத்துக்கொள்ளத் தனியாக ஒரு சமையலறை உண்டு. நாங்கள் அங்கேதான் சாப்பிட்டோம்.

அந்தச் சமையலறையைப் பற்றித்தான் உங்களிடம் அதிகம் சொல்ல விரும்புகிறேன். வரிசையாக அடுப்புகள், ஆளாளுக்குப் பெயர் எழுதி ஒட்டிய சாப்பாட்டுப் பைகள். பன்றி இறைச்சியும் பொரிக்கிற அடுப்படி என்பதால் மகள் சொந்தமாக ஒரு சட்டியும் தட்டுகளும் சுமந்து வந்திருந்தாள். அரிசி, பருப்பு, டின் மீன், நான் ஊரிலிருந்து கொண்டுபோன சீனிச் சம்பல். நான் வழக்கம்போல் முன்னே போய் அகப்பையை எடுத்தேன். “உம்மா, நீங்க நடக்க வந்தீங்க. இருங்க” என்று நாற்காலியைக் காட்டினாள் மகள். சுற்றிலும் பார்த்தால் எல்லா ஆண்களும் தாம் சாப்பிட்ட தட்டைத் தாமே கழுவித் துடைத்து அடுக்குகிறார்கள். மகளின் வாப்பா இரண்டு தடவை என்னைப் பார்த்தார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பது வருடத்தில் அன்றுதான் அவர் தட்டுக் கழுவினார், நன்றாகத்தான் கழுவினார்.

மஃரிப் பத்து மணிக்குச் சற்று முன்புதான். பயணிகளுக்குள்ள சலுகையை அப்படியான நாட்டில்தான் உண்மையாக உணரலாம். கிப்லா அங்கே தென்கிழக்கு. கிராமத்திலிருந்து ஏரி நீண்டு கிடப்பதும் ஏறக்குறைய அதே திசை. முஸல்லாவை விரித்தால் எதிரே நீளமாகத் தண்ணீர், அதன் முடிவில் மலை.

மறுநாள் ஏரியைச் சுற்றி நடந்தோம். ஏழு கிலோமீற்றர் இருக்கும், பெரும்பாலும் சமதரை. பாதை வயல்களின் ஊடே, தனியார் பண்ணைகளின் ஊடே போகிறது. பொதுப் பாதை என்பதால் யாரும் தடுக்க முடியாது. திறந்த கேற்றை மறக்காமல் மூடிவிட்டுப் போக வேண்டும், அவ்வளவுதான். சீமெந்தில்லாமல் வெறும் கல் அடுக்கிய சுவர்கள் மலையுச்சி வரை ஏறுகின்றன. அவற்றைத் தாண்ட நீட்டிக்கொண்டிருக்கும் கற்படிகளில் என் அபாயா இரண்டு முறை சிக்கியது. அகலமான சல்வாரும் நீண்ட மேற்சட்டையும்தான் தோது. ஹேர்ட்விக் என்ற அந்தப் பகுதிச் செம்மறிகள் பிறக்கும்போது கறுப்பு, வளர வளரச் சாம்பல். ஓரிடத்தில் பாறை தண்ணீருக்குள் இறங்கி நிற்க, அதைக் குடைந்து வழி விட்டிருக்கிறார்கள். அந்த இருட்டுக்குள் என் கையைப் பிடித்தது மகளா அவள் வாப்பாவா என்று வெளியே வந்த பிறகுதான் தெரிந்தது.

ஏரியின் மறுமுனையில் கேட்ஸ்கார்த் என்ற பண்ணை. அங்கிருந்து ஹேஸ்டாக்ஸ் என்ற 597 மீற்றர் மலைக்குப் பாதை ஏறுகிறது. மகளுக்கு ஏற ஆசை. பாதி வழி போனோம். ஐந்து நிமிடத்துக்குள் மேகம் இறங்கி முன்னால் போன ஆடும் தெரியாமல் போயிற்று. திரும்பி இறங்கினோம். கீழே வந்ததும் எதிர்மலைச் சரிவில் ஒரு வெள்ளைச் சிலுவை கண்ணில் பட்டது. 1887இல் ஃபேனி மெர்சர் என்ற பணிப்பெண் அங்கே விழுந்து இறந்தாராம். தான் வேலை செய்த வீட்டாரோடு உல்லாசப் பயணம் வந்தவர். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. வேலைக்காரப் பெண்ணுக்கு வருடத்தில் எத்தனை நாள் ஓய்வு கிடைத்திருக்கும்?

மூன்றாம் நாள் வானம் துடைத்துவிட்டது போலிருந்தது. எதிர்க்கட்டில் தாதி ஹேஸ்டாக்ஸ் ஏறப் போவதாகவும், விரும்பினால் மகளையும் கூட்டிப் போவதாகவும் சொன்னார். அந்த மலையில் பல தடவை ஏறியவராம். மகள் வாப்பாவைப் பார்த்தாள். அவருக்கு முழங்கால் வலி. “உம்மாட்டக் கேளு” என்றார்.

சகோதரிகளே, எங்கள் மாவனல்லையில் உதுவன்கந்தையைப் பிறந்த நாள் முதல் பார்த்து வருகிறேன். ஒருநாளும் ஏறியதில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஏறியபோது என் உம்மா வேண்டாம் என்றார். அவரைக் குறை சொல்லவில்லை. அவருக்கும் நெஞ்சு இப்படித்தான் அடித்திருக்கும். மகளிடம் தண்ணீர், மழைக் கோட்டு, போன் மூன்றையும் காட்டச் சொன்னேன். மேகம் வந்தால் உச்சி தெரிந்தாலும் திரும்பிவிட வேண்டும் என்றேன். தலையாட்டினாள். பழைய சாமான் கடையில் வாங்கிய சிவப்புக் கோட்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நடந்தாள்.

நாங்கள் இருவரும் ஏரித் தலையில் ஒரு கல்லில் அமர்ந்திருந்தோம். சிவப்புப் புள்ளி கொஞ்ச நேரம் தெரிந்தது. பிறகு பாறைக்குப் பின்னால் மறைந்தது. மூன்று மணி நேரமும் சொச்சமும். நான் ஓதிக்கொண்டிருந்தேன்; இவர் செம்மறிகளை எண்ணி எண்ணித் தவறவிட்டு மறுபடியும் தொடங்கினார். லுஹர் நேரமாகியும் காணவில்லை. தொழுதுவிட்டு ஸலாம் கொடுத்துத் திரும்பியபோது, “அந்தா” என்றார் இவர். கணவாய்ப் பாதையில் ஒரு சிவப்புப் புள்ளி. அதற்கு முன்னால் கைத்தடியுடன் இன்னொன்று.

பிளாஸ்கைத் திறந்து நான்கு கோப்பையில் தேநீர் ஊற்றத் தொடங்கினேன். “அவங்க வர இன்னும் அரை மணித்தியாலம் ஆகும், ஆறிப் போகும்” என்றார் இவர்.

ஆறட்டும் என்றேன்.